கும்மிடிப்பூண்டி சென்னையாக மாறிய பதினேழு இடங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கும் அதே வேகத்தில் போய்விட்டதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எம்.எஸ்சி. பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் முதல் செமஸ்டரில் என் கோபத்தை அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டது அம்மாதான்.

இளங்கலையில் விலங்கியல் படித்தேன். தவளையும் கரப்பான்பூச்சியும் எனக்கு நன்றாகப் பழகிவிட்டன. சென்னையில் இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்ததும் அதே தவளையைக் கொஞ்சம் பெரிய மேசையில் வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் தவளையே இல்லை. தவளையின் எழுத்துகள்தான் இருந்தன. ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். அவை பக்கம் பக்கமாக, இடைவெளி இல்லாமல், கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் உயிரின் மரபணுவை இப்படி நான்கு எழுத்துகளில் எழுதிவிடலாம், அந்த எழுத்துகளைப் படிப்பதுதான் இனி நம் வேலை என்றார்கள். வகுப்பில் பாதிப் பேர் மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தார்கள். நான் நோட்டைத் திறந்து தேதி போட்டேன்.

வீட்டில் இதை விளக்குவது இன்னும் கஷ்டம். நைனா கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்குக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் டீக்கடையில் என் படிப்பைப் பற்றிக் கேட்டவர்களிடம், "கம்ப்யூட்டருக்கு டாக்டரு" என்று சொல்லிவைத்திருந்தார். அதன் பிறகு தெருவில் இரண்டு பேர் பழுதான செல்போனை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நைனாவின் வேலை இரண்டு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இருக்காது. வீட்டை நிறுத்திவைத்திருந்தது அம்மாவின் வேலை. தேர்வாய் கண்டிகையில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவள் செக்கிங் பிரிவில் நின்றாள். பெட்டிகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பெட்டியின் ஸ்டிக்கரிலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோடு நம்பர் இருக்கும். அது அன்றைய தாளில் உள்ள கோடுதானா என்று பார்த்து டிக் அடிக்க வேண்டும். அம்மா ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்துகளையும் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டாள். சொல்லாகச் சேர்த்துப் படிக்கத் தெரியாது. தனித்தனி எழுத்தாக எதைக் காட்டினாலும் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு தனிக் கர்வம் உண்டு.

எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் கொஞ்சம் பழைய ஆள். இரண்டு உயிர்களின் மரபணு எழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது, எங்கே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தப் படிப்பின் அரிச்சுவடி. அலைன்மெண்ட் என்று பெயர். கணினி கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். மேடமோ முதல் செமஸ்டர் முழுக்கக் கையால்தான் செய்ய வேண்டும் என்றார். கிராஃப் தாளில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. பொருந்தினால் மதிப்பெண் கூடும், பொருந்தாவிட்டால் குறையும், காலியிடம் விட்டால் இன்னும் குறையும். கையில் மை படாமல் இது புத்தியில் ஏறாது என்பது அவர் கட்சி. நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டே கிராஃப் நோட்டு வாங்கினேன்.

முதல் வீட்டுப்பாடம் மனிதனும் மாடும். இரண்டு பேருக்கும் ரத்தத்தில் உள்ள ஒரே புரதத்தின் எழுத்துகள். ஒரே தாளில் அடங்க வேண்டும் என்று பிரௌசிங் சென்டர்காரர் எழுத்தை எறும்பளவுக்குச் சுருக்கி அச்சடித்துக் கொடுத்துவிட்டார். தாளைப் பார்ப்பதும் கட்டத்தில் எழுதுவதுமாக இருந்தால் பத்து எழுத்துக்குள் எனக்கு இடம் தவறிவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா சமையல் முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டு, நான் படிக்கிறேன், நீ எழுது என்றாள்.

ஏ, டி, ஜி, ஜி, சி, டி... கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். தாளைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்திருந்தாள். அது என் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. முடித்ததும் இரண்டு வரிசையையும் அவளுக்குக் காட்டி விளக்கினேன். மேலே நாம், கீழே மாடு, நடுவில் கோடு போட்ட இடமெல்லாம் ஒன்று. அம்மா விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே போனாள்.

"இம்மாம் கிட்டயா கீறோம் மாட்டுக்கும் நம்மளுக்கும்? அதான் உங்க நைனா அப்படிக் கீறாரு" என்றாள். பக்கத்து அறையில் படுத்திருந்த நைனா இருமினார்.

தாள் திருத்தி வந்தபோது சிவப்பு மையாக இருந்தது. அசல் எழுத்துகளையே தப்பாக நகலெடுத்திருக்கிறாய் என்று எழுதி, அடியில், 'இந்த மாடு மனிதனை விட்டு ரொம்பத் தூரம் போய்விட்டது' என்று மேடம் சேர்த்திருந்தார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடானது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். ஜி என்று நீ சொன்னது என் காதில் சி என்று விழுந்திருக்கிறது, நம் ஊரில் யாருக்குத்தான் ஜி ஒழுங்காக வருகிறது என்று எரிந்து விழுந்தேன். அம்மாவுடைய கம்பெனியிலிருந்து நான்கு பக்கமும் பஸ் போகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும். முதல் எழுத்தை வைத்தே எது தன் பஸ் என்று கண்டுபிடித்து ஏறுகிறவள் அவள்.

"எய்த்து சொன்னா உனுக்குக் கொயம்புது. நான் ஊரு பேரா சொல்லிக்கினு வரேன், நீ எய்திக்கோ" என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் மரபணு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. ஏ என்றால் ஆரம்பாக்கம். டி என்றால் திருவள்ளூர். ஜி என்றால் கும்மிடிப்பூண்டி, ஆங்கிலத்தில் அதற்கு ஜிதான் முதல் எழுத்து. சி என்றால் சென்னை. அடுத்த ஞாயிறு அதே எறும்பளவு எழுத்தில் அச்சடித்த தாளோடு இரண்டாவது வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தோம். "ஆரம்பாக்கம், ஆரம்பாக்கம், சென்னை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி..." கண்டக்டர் தோற்றுப்போவார். வாசலில் போன எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். மகளின் படிப்பில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்ற சந்தோஷம் அது.

இரண்டாவது தாளும் சிவப்பாகத்தான் வந்தது.

இந்த முறை நான் அடங்கவில்லை. அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாளை அவள் முன்னால் போட்டு, ஒழுங்காகப் பார்த்துப் படிக்க முடியாவிட்டால் எதற்கு வந்து உட்காருகிறாய், உன்னால் நான் ஃபெயிலாகப் போகிறேன் என்று கத்தினேன். அம்மா தாளை எடுத்து மடித்து என் பையில் வைத்துவிட்டு, "நாஷ்டா துன்னியா காலைல?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தாளை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, என்ன தப்பு என்று பார்க்காதே, எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியிருக்கிறது என்று நாலுக்கு நாலு டேபிள் போட்டுக் கொண்டுவா என்றார். "கவனக்குறைவா எழுதினா தப்பு எல்லாக் கட்டத்துலயும் சிதறிக் கெடக்கும். ஒரே கட்டத்துல குவிஞ்சா அது கவனக்குறைவு இல்ல. அதுக்கு வேற காரணம் இருக்கும், அதைத் தேடு."

மத்தியான ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டில் டேபிள் போட்டேன். இடது பக்கம் அசல் எழுத்து நான்கு, மேலே நான் எழுதிய எழுத்து நான்கு. சிவப்பு வட்டம் ஒவ்வொன்றையும் பார்த்து உரிய கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். மீஞ்சூர் தாண்டும்போது முடிந்துவிட்டது. ஏ இருந்த இடத்தில் டி, ஒன்று. ஜி இருந்த இடத்தில் சி, பதினேழு. மற்றக் கட்டமெல்லாம் காலி.

சி ஒரு தடவைகூட ஜி ஆகவில்லை. ஆரம்பாக்கம் திருவள்ளூரான அந்த ஒன்றை விட்டால், பதினேழு முறையும் கும்மிடிப்பூண்டிதான் சென்னையாகியிருந்தது. கும்மிடிப்பூண்டி என்று ஒருத்தி சொல்லி அது சென்னை என்று காதில் விழ வழியே இல்லை. அப்படியென்றால் அம்மா வாயால் சென்னை என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கு அங்கே சென்னைதான் தெரிந்திருக்கிறது.

ஜிக்கும் சிக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே மடங்கும் அந்தச் சின்ன வால் ஒன்றுதான். எறும்பளவு எழுத்தில் அது அவளுக்குத் தெரியவில்லை. கையை நீட்டித் தாளைத் தூரத்தில் பிடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்து எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அதற்கு அடுத்து வந்த நினைப்பில் நோட்டை மூடிவிட்டேன். எழுத்து தெரியாவிட்டால் அம்மாவுக்கு வேலை இல்லை. அம்மாவுக்கு வேலை இல்லை என்றால் எங்கள் வீட்டில் எதுவும் இல்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். இந்தத் தடவை அவள் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, டீ குடிக்கும் வரை பொறுத்திருந்தேன். பிறகு அச்சடித்த தாளில் ஒரு ஜியைத் தொட்டுக் காட்டி இது என்னம்மா என்று கேட்டேன். கையை நீட்டினாள், மடக்கினாள், தலையைப் பின்னால் இழுத்தாள்.

"சென்னை" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "இல்லியா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைத் தேய்த்துத் தேய்த்து நேராக்கினாள்.

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆறேழு மாதமாகவே ஸ்டிக்கர் எழுத்து மங்கலாகத்தான் தெரிந்ததாம். ஒரு நாளைக்கு ஒரே கோடுதான் என்பதால், காலையில் பக்கத்தில் நிற்பவளிடம் ஜாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு சமாளித்திருக்கிறாள். கண்ணாடி போட்டால் செக்கிங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று லைனில் ஒரு பேச்சு. அது உண்மையா என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. அடுத்த மாதம் கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் வைக்கப்போகிறார்கள். முதல் நாள் போகிறவர்களிடம் அட்டையில் உள்ள எழுத்து வரிசையைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போகலாம் என்று திட்டம் வைத்திருந்தாள்.

"எல்லாம் ஒரே கோடா வந்துகினு இருந்தா பிரச்சன இல்ல பாப்பா. நடுவுல ஒண்ணு மாறி வந்தா எனுக்குத் தெரியாது. அத்த பாக்கத்தான் என்னிய நிக்க வெச்சிருக்காங்க. டெய்லி பயந்துகினேதான் நிக்கிறேன்" என்றாள்.

நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். நேற்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கோபம் வருகிற வேகத்தில் இந்த வார்த்தை எனக்கு வருவதில்லை.

அந்த வாரமே லீவு சொல்லிவிட்டுத் திருவள்ளூரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதித்த பெண் அம்மாவின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, தமிழ் அட்டையை நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. இங்கிலீஷே கொடுங்கள், எனக்கு அதுதான் வேலை என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பேப்பரைக் கொடு என்றாள். நான் பையிலிருந்து மனிதனையும் மாட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு வில்லையைப் போட்டாள், எடுத்தாள், வேறு ஒன்றைப் போட்டாள்.

"திருவள்ளூர்" என்றாள் அம்மா. "கும்மிடிப்பூண்டி. கும்மிடிப்பூண்டி. சென்னை."

"ஊரு பேரு கேக்கலம்மா, எழுத்தப் படிங்க" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அம்மா இரண்டையும் கவனிக்கவில்லை. தாளை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கும்மிடிப்பூண்டியாகத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

புரை எதுவும் இல்லை, வயசுக்கு வருகிற வெள்ளெழுத்துதான், கண்ணாடி போதும் என்று சொல்லிவிட்டார்கள். நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நில், பழசு எதையும் வாயைத் திறக்காதே என்று பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறிப்போனது எதுனா உள்ள கெடந்தா அத்த யாரு கண்டுபுடிக்கிறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அதை விழுங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மா கண்ணாடியோடு போய் சூபர்வைசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆறேழு மாதமாகச் சரியாகத் தெரியவில்லை, நான் பார்த்து அனுப்பியதில் இன்னும் கையிருப்பில் இருக்கிற பெட்டிகளைத் திரும்பப் பாருங்கள் என்று. பார்த்தார்கள். இரண்டு பெட்டியில் ஸ்டிக்கர் மாறியிருந்தது. சூபர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே உட்காரவைத்தால் அடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அர்த்தம். செவ்வாய், புதன், வியாழன் என்று தினமும் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அம்மா இறங்கி வருகிற நடையைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். நைனா எதுவும் கேட்காமல் இரவுச் சோற்றை அவரே வடித்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை அம்மா வேகமாக இறங்கினாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். காலையில் சூபர்வைசர் ஐம்பது பெட்டியை அடுக்கி, நடுவில் மாறிய கோடு சிலவற்றைக் கலந்துவைத்துவிட்டு, எடு பார்க்கலாம் என்றாராம். ஒன்று விடாமல் எடுத்துவிட்டாள். இனிமேல் கண்ணாடி இல்லாமல் லைனில் நிற்கக்கூடாது என்று சொல்லி, பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டார். கண்ணாடிக்காக எடுத்துவிடுவார்கள் என்ற பேச்சு அன்றோடு செத்துப்போனது. அடுத்த வாரத்திலேயே லைனில் இன்னும் நான்கு பேர் கண்ணாடியோடு வந்தார்களாம். அவர்களும் இத்தனை நாள் மறைத்துவைத்தவர்கள்தான்.

அந்த வெள்ளியை அடுத்த ஞாயிறு அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தாள். மேடம் இரண்டாவது வீட்டுப்பாடத்தை மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள், ஆனால் உடனே படிக்க ஆரம்பிக்கவில்லை. என் பழைய கிராஃப் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அச்சடித்த தாளோடு கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்தாள். சிவப்பு வட்டங்கள் வந்தபோதெல்லாம் "இது நானு", "இதுவும் நானு" என்று தலையாட்டிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது நான் இல்ல பாப்பா" என்றாள். "ஏ எனுக்கு எப்பவும் நல்லாத் தெரியும். நான் ஆரம்பாக்கம்னுதான் சொன்னேன். நீதான் திருவள்ளூருக்குப் பூட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் ரொம்பப் பெரிதாகத் தெரிந்தன. நான் அவள் மடியில் தலையை வைத்து, தப்புதாம்மா, அன்றைக்குக் கத்தியிருக்கக் கூடாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டு, சீக்கிரம் எழுது, சாதம் வைக்க வேண்டும் என்றாள்.

இப்போது நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க இதே நான்கு எழுத்துகளைத்தான் பார்க்கிறேன். எல்லாவற்றையும் கணினியே செய்கிறது. புதிதாக வருகிறவர்கள் தப்பு செய்தால், டேபிள் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். ரயிலில் நான் போட்ட டேபிள் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. பதினேழு அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. அவளுடைய பதினேழுக்கு நான் கத்தினேன். என்னுடைய ஒன்றுக்கு அவள் சிரித்தாள்.